இளமையில் வளைந்த எலும்பு: கிளாஸ்கோ தாய்மாரின் வரலாறு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த மறுபிறப்பு நல்லபடியாக முடிந்தால் வீடெங்கும் மகிழ்ச்சி; கோளாறாகிவிட்டாலோ பழி முழுவதும் பெற்றவள் தலையில். 'வேளாவேளைக்குச் சாப்பிடவில்லை, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவில்லை, பெரியவர்கள் பேச்சைக் கேட்கவில்லை' என்று அவளுடைய ஒன்பது மாதங்களை உறவினர் துருவித் துருவி ஆராய்வதை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். அந்த ஒன்பது மாதங்களுக்கு முன் அவள் வாழ்ந்த இருபது ஆண்டுகளைப் பற்றி அங்கே எவரும் கேட்பதில்லை.

மூன்று வயதில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த தீங்கு, அவளது இருபத்தைந்தாம் வயதில் பேறுகாலக் கட்டிலில் வெளிப்படக்கூடுமா? வெளிப்படக்கூடும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. சிறு வயதில் பட்ட அடி, பசி, புறக்கணிப்பு, அச்சம் ஆகியவை பிற்காலத்தில் கருவுற்ற தாயின் உடல்நலத்தையும் பாதிக்கலாம் என்னும் ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. இது புதிய கண்டுபிடிப்பு என்று நாம் எண்ணலாம். ஆனால் இதன் முதற்பாடத்தை மனித இனம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்றது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்து ஏழைத் தாய்மார். அவர்களது எலும்புகளே அதற்குப் பாடநூலாயின. அந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

புகை படிந்த நகரம்

கிளைட் ஆற்றங்கரையில் அமைந்த கிளாஸ்கோவில் 1801ஆம் ஆண்டில் ஏறத்தாழ 77,000 பேர் வாழ்ந்தனர். நூறு ஆண்டுகள் கழித்து, 1901இல், அத்தொகை ஏழரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. பருத்தி ஆலைகளும் இரும்பு உலைகளும் கப்பல் கட்டும் துறைகளும் மக்களை அங்கே இழுத்தன. மலைநாட்டில் நிலம் இழந்த ஸ்காட்லாந்துக் குடியானவர்கள் வந்தனர். 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குத் தப்பி, அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து வந்தனர். வந்தவர்கள் அனைவருக்கும் வேலை ஓரளவு கிடைத்தது. காற்றும் வெளிச்சமும் கிடைக்கவில்லை.

உயர்ந்த கல் கட்டடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. அவற்றிடையே இருண்ட சந்துகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. அதிலேயே அடுப்பு, படுக்கை, நோயாளி, குழந்தை எல்லாம். அந்நகரின் சுகாதார அதிகாரியாக விளங்கிய மருத்துவர் ஜேம்ஸ் பர்ன் ரசல், 1888ஆம் ஆண்டில் 'ஓர் அறையில் வாழ்க்கை' என்ற பொருளில் ஆற்றிய உரை புகழ் பெற்றது. நகரத்து மக்களுள் நூற்றுக்கு 25 பேர் ஒற்றை அறை வீடுகளில் வாழ்வதாக அவர் எடுத்துக்காட்டினார். ஆலைப் புகை வானத்தை மூடியது. வடகோடியில் அமைந்த அந்நாட்டில் குளிர்காலத்துச் சூரியன் ஏற்கெனவே மங்கலானது; அந்த மங்கல் ஒளியும் சந்துகளுக்குள் இறங்கவில்லை.

இந்தச் சூழலில் வளர்ந்த குழந்தைகளை ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் பற்றியது. இந்நோயைப் பற்றி ஃபிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1650ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தார். வளரும் எலும்பு உறுதிப்படுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் படியாமல் போவதே இந்நோயின் தன்மை. குழந்தை நிற்கத் தொடங்கும்போது, உடலின் எடையைத் தாங்க மாட்டாமல் கால்கள் வில்லாக வளையும். 1889இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இந்நோயின் பரவலை நாடு முழுவதும் ஆராய்ந்து நிலப்படமாக வெளியிட்டது. தொழில் நகரங்கள் அனைத்திலும் நோய் மலிந்திருந்தது. கிளைட் ஆற்றுப் பகுதி அவற்றுள் முன்னின்றது.

வளைந்த கால்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வளர வளர அவை ஓரளவு நேராவதும் உண்டு. சிறுமி பெரியவளாகி, ஆலையில் வேலைக்குச் சென்று, திருமணமும் செய்துகொள்வாள். நோய் விட்டுப் போய்விட்டது என்றே எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் அந்நோய் தன் தழும்பை விட்டுச் சென்றிருந்தது.

பேறுகாலக் கட்டிலில்

இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. பிறக்கும் குழந்தை அந்த வளையத்தினூடே வெளிவர வேண்டும். மென்மையான எலும்புள்ள குழந்தை உட்காரும்போதும் நிற்கும்போதும் முதுகெலும்பின் சுமை அந்த வளையத்தைப் பின்னிருந்து முன்னோக்கி அழுத்துகிறது. களிமண் பானை காயுமுன் கைபட்டு நசுங்குவதுபோல் வளையம் தட்டையாகிவிடுகிறது. பின்னர் எலும்பு கெட்டிப்படும்போது அந்த நசுங்கிய வடிவிலேயே கெட்டிப்படுகிறது. இரண்டு வயதில் நேர்ந்த இந்தக் குறுக்கம், அவள் தாயாகும் நாள்வரை அவளுக்கே தெரியாது. வலி எடுத்து ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று காத்திருந்தும் குழந்தையின் தலை இறங்காதபோதுதான் அது தெரியவரும்.

மருத்துவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஸ்காட்லாந்தின் லானார்க் பகுதியில் பிறந்த வில்லியம் ஸ்மெல்லி, பேறுகால மருத்துவம் பற்றி 1752இல் வெளியிட்ட நூலில், குழந்தைப் பருவத்து ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு சிதைவதை விளக்கியிருந்தார். 1847 ஜனவரியில் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் பேறுகால வலிக்கு முதன்முறையாக ஈதர் மயக்கமருந்து கொடுத்தபோது, அந்தப் பெண்ணும் இடுப்பெலும்பு குறுகியவளே. ஆக, நோயின் வேர் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது என்பது நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த உண்மை. ஆயினும் மருத்துவத்தின் கவனம் முழுவதும் பேறுகாலக் கட்டிலோடு நின்றது. சந்துகளில் தவழ்ந்த சிறுமியிடம் அது செல்லவில்லை.

கட்டிலருகே நின்ற மருத்துவருக்கு இருந்த வழிகள் மிகக் கொடியவை. இடுக்கி போட்டு இழுக்கலாம். குறுக்கம் மிகுதியானால் அதுவும் பயன்படாது. குறைமாதத்திலேயே வலியை வரவழைக்கலாம். பிறக்கும் குழந்தை பிழைப்பது அரிது. வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானியாவில் அவ்வாறு அறுக்கப்பட்ட தாய்மாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் இறந்தனர். எஞ்சியது ஒன்றே: வயிற்றிலிருக்கும் குழந்தையின் தலையைக் கருவியால் துளைத்துச் சிதைத்து வெளியே எடுப்பது. தாயைக் காப்பதற்காக, சில வேளைகளில் உயிரோடிருக்கும் குழந்தைக்கே இது செய்யப்பட்டது.

மனச்சான்றின் நெருக்கடி

இந்த இடத்தில் மருத்துவ வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடு சந்திக்கிறது. உயிருள்ள குழந்தையைக் கொன்று தாயைக் காப்பாற்றலாமா? செய்யாவிட்டால் இருவருமே இறப்பார்கள் என்னும் நிலையில் மருத்துவர் என்ன செய்வது? ஐரோப்பாவின் கத்தோலிக்க மருத்துவர்களும் அறநெறி அறிஞர்களும் இக்கேள்வியில் இரு பிரிவாக நின்றனர். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துக் கர்தினால் இதனை உரோமைக்கு எழுதிக் கேட்டார். 1884ஆம் ஆண்டில் திருப்பீடத்தின் விசுவாசக் காப்புப் பேராயம் பதில் அளித்தது: இச்செயல் ஏற்புடையது என்று கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் பாதுகாப்பாகக் கற்பிக்க இயலாது. 1889இல் கம்பிரே மறைமாவட்டத்திற்கு அளித்த பதிலிலும் அதே நிலைப்பாடு மேலும் விரிவாக உறுதி செய்யப்பட்டது.

இப்பதில் எழுதப்பட்ட நாளில் அறுவை சிகிச்சை இன்னும் பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறுகிய இடுப்பெலும்புக்கும் எதிரே ஒரு மருத்துவரும் ஒரு கணவனும், பல வேளைகளில் ஒரு குருவானவரும், விடை காணாமல் கலங்கி நின்றனர். நீதிநூல்களைப் புரட்டினார்கள், செபமாலை உருட்டினார்கள். அந்தக் கலக்கம் உண்மையானது. அதை நாம் எளிதாக எடைபோட்டுவிடலாகாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்து, விலகி நின்று பார்க்கும் நமக்கு வேறொன்று தோன்றுகிறது. தாயா, சேயா என்னும் அந்தக் கேள்வி எழுந்ததே, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்குப் பாலும் வெயிலும் மறுக்கப்பட்டதால் அன்றோ? அவள் குழந்தையாய் இருந்தபோது அதை அநீதி என்று சொன்னவர் எத்தனை பேர்?

1888 ஏப்ரல் 10

அறுவை சிகிச்சை மெல்ல மெல்ல முன்னேறியது. கிளாஸ்கோ அரச மருத்துவமனையிலேயே ஜோசப் லிஸ்டர் 1865ஆம் ஆண்டு முதல் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்கள் சீழ்பிடிக்காமல் தடுக்கும் முறையைக் கண்டார். 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ, இடுப்பெலும்பு சிதைந்த 25 வயதுப் பெண்ணுக்கு அறுவை செய்து குழந்தையை எடுத்தார். இரத்தப் பெருக்கை நிறுத்த அவளது கருப்பையையே அகற்றிவிட்டார். தாயும் சேயும் பிழைத்தனர். 1882இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர், கருப்பையை அகற்றாமலே வெட்டிய இடத்தைக் கவனமாகத் தைத்து மூடலாம் என்று காட்டினார்.

இந்த முன்னேற்றங்கள் அனைத்தும் கிளாஸ்கோவில் ஒன்றுகூடின. ராட்டன்ரோ என்னும் தெருவில் இருந்த மகப்பேறு மருத்துவமனையில், 1888 ஏப்ரல் 10ஆம் நாள், மருத்துவர் மர்டாக் கேமரன் 27 வயதுப் பெண் ஒருத்திக்கு அறுவை செய்தார். ரிக்கெட்ஸ் நோயால் அவள் மிகவும் குள்ளமாக வளர்ந்திருந்தாள். இயல்பான வழியில் குழந்தை பிறக்க இயலவே இயலாது. லிஸ்டரின் தூய்மை முறையையும் புதிய தையல் முறையையும் கேமரன் கையாண்டார். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. அதன்பின் அதே மருத்துவமனையில் அடுத்தடுத்து இத்தகைய அறுவைகள் வெற்றி பெற்றன. உலக மருத்துவர்களின் பார்வை ராட்டன்ரோ பக்கம் திரும்பியது. குழந்தையின் தலையைச் சிதைக்கும் கொடிய கருவி படிப்படியாக வழக்கொழிந்தது. மருத்துவர்களும் அறநெறியாளரும் பல்லாண்டு வாதிட்ட கேள்விக்குக் கேமரனின் தையல் ஊசி ஒரு வழி திறந்தது.

இன்று உலகெங்கும் நடைபெறும் சிசேரியன் அறுவைகளின் வரலாற்றில் இந்நாள் பெருமையோடு நினைக்கப்படுகிறது. அந்தப் பெருமை தகும். ஆனால் அதே 1888இல்தான் ரசல் தம் 'ஓர் அறை' உரையை ஆற்றினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள் ஒரு தாய் காப்பாற்றப்பட்ட அதே வேளையில், வெளியே சந்துகளில் அடுத்த தலைமுறைச் சிறுமிகளின் எலும்புகள் வளைந்துகொண்டிருந்தன.

காரணம் தேடி

ரிக்கெட்ஸ் நோய்க்குக் காரணம் என்ன? இக்கேள்விக்கு முதல் ஒளி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தியோபால்டு பாம் என்பவர் ஜப்பானில் பணியாற்றிய மறைபரப்பு மருத்துவர். நாடு திரும்பியபோது, ஜப்பானில் தாம் காணாத ரிக்கெட்ஸ் இங்கே மலிந்திருப்பதைக் கண்டு வியந்தார். பல நாடுகளில் பணிசெய்த மறைபரப்புப் பணியாளர்களிடம் எழுதிக் கேட்டார். ஏழ்மையும் அழுக்கும் மிகுந்த நாடுகளிலும், வெயில் இருந்தால் நோய் அரிதாக இருந்தது. 1890இல் அவர் வெளியிட்ட முடிவு: இந்நோயின் காரணம் சூரிய ஒளி இன்மை. மருத்துவ உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் நெடிய வழக்கு ஒன்று நடந்தது. கிளாஸ்கோவில் லெனார்டு ஃபின்ட்லே, அடைபட்ட வீடுகளே காரணம் என்றார். மார்கரெட் ஃபெர்குசனின் துணையோடு நகரத்து ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்த அறிக்கை 1918இல் வந்தது. இலண்டனில் எட்வர்டு மெலன்பி, உணவில் ஏதோ ஒரு சத்துக் குறைவே காரணம் என்றார். நாய்க்குட்டிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்து நோயைத் தடுத்துக் காட்டினார். 1919இல் பெர்லின் நகரத்து குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சிக் குழந்தைகளைக் குணப்படுத்தினார். முதல் உலகப் போருக்குப் பின் பஞ்சத்தில் வாடிய வியன்னா நகரில் ஹேரியட் சிக் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், மீன் எண்ணெயும் வெயிலும் இரண்டுமே நோயைப் போக்கும் என்று ஐயத்திற்கிடமின்றி நிறுவினர். 1922இல் அந்தச் சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் கிடைத்தது. வாதிட்ட இரு தரப்பாரும் பாதி உண்மையைக் கண்டிருந்தனர்: வெயில் பட்டால் நம் தோலே அச்சத்தை உண்டாக்குகிறது, வெயில் இல்லாத இடத்தில் உணவு அதை ஈடுசெய்ய வேண்டும்.

வெயில் கொளுத்தும் நம் நாட்டுக்கு இது தொடர்பற்றது என்று நினைத்துவிட வேண்டா. காஷ்மீரத்தில் பணியாற்றிய கேத்லின் வோன் என்ற பெண் மருத்துவர், முக்காட்டு வழக்கம் தாய்மையை எவ்வாறு பாதிக்கிறது என்று 1928இல் நூல் வெளியிட்டார். சிறு வயது முதலே இருண்ட அறைகளுக்குள் அடைக்கப்பட்ட பெண்களின் இடுப்பெலும்பு சிதைந்திருந்ததையும், வெளியில் உழைத்த ஏழைப் பெண்கள் எளிதாகப் பிள்ளை பெற்றதையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். சூரியன் இருந்தும் வாசல் திறக்கப்படவில்லை. கிளாஸ்கோவில் ஆலைப் புகை செய்ததைக் காஷ்மீரத்தில் வழக்கம் செய்தது.

அபர்டீன் நகரத்துப் பேராசிரியர்

ராட்டன்ரோ மருத்துவமனையில் பயின்று பணியாற்றிய இளம் மருத்துவர்களுள் டூகால்டு பேர்ட் ஒருவர். 1899இல் பிறந்த இவர், கிளாஸ்கோ ஏழைகளின் பேறுகாலத் துயரை நேரில் கண்டவர். 1937இல் வடக்கே அபர்டீன் நகரில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அந்நகர் அளவாக இருந்தது. ஊர்ப் பெண்களின் மகப்பேறுகளை ஒன்றுவிடாமல் பதிவு செய்ய முடிந்தது. அவர் தொடங்கிவைத்த பணியின் விளைவாக, 1950 முதல் அந்நகரத்துப் பிறப்புகளின் பதிவேடு இன்றுவரை பேணப்பட்டு வருகிறது.

பேர்ட் கண்டறிந்தது எளிமையானது, ஆனால் ஆழமானது. ஒரே நகரம், ஒரே மருத்துவர்கள். இருந்தும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் மிகுதியாக இறந்து பிறந்தன. காரணம் தேடிய பேர்ட், தாய்மாரின் உயரத்தை அளந்தார். குட்டையான பெண்களுக்கே பேறுகாலக் கோளாறுகளும் குழந்தை இழப்பும் மிகுதி. வறிய வகுப்பில் குட்டையானவர்கள் மிகுதி. இவர்களுள் பெரும்பாலோருக்கு வெளிப்படையான ரிக்கெட்ஸ் இல்லை. கால்கள் நேராகவே இருந்தன. ஆனால் வளர வேண்டிய வயதில் போதிய உணவு இல்லாமல், வளர வேண்டிய அளவு அவர்கள் வளரவில்லை. தாயின் உயரத்தைப் பேர்ட் அவளது குழந்தைப் பருவத்தின் சாட்சியாகக் கண்டார்.

இரண்டாம் உலகப் போர் இதற்கு மற்றொரு சான்றைத் தந்தது. போர் வந்தால் துன்பம் பெருகும். தாய்சேய் நலம் குன்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு. பிரித்தானிய அரசு உணவைப் பங்கீடு செய்தது. 1940 ஜூலை முதல் கருவுற்ற தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பால், மலிவு விலையிலோ இலவசமாகவோ கிடைத்தது. மீன் எண்ணெயும் பழச்சாறும் தொடர்ந்தன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1939இல் ஆயிரம் பிறப்புக்கு 38ஆக இருந்த இறந்து பிறக்கும் குழந்தைகளின் தொகை, 1945இல் 28ஆகக் குறைந்தது. வானிலிருந்து குண்டுகள் விழுந்த ஆண்டுகள் அவை. ஆயினும் உணவு, தேவைப்பட்டவர்களின் கைக்குச் சென்றது.

தம் பிற்கால ஆய்வுகளில் பேர்ட் மேலும் ஒருபடி சென்றார். 1930ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியின் ஆண்டுகளில், வேலையில்லாக் குடும்பங்களில் பிறந்த சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்களது குழந்தைகளிடையே இழப்பு மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஆட்சியாளர்கள் ஓராண்டில் எழுதிய வரவுசெலவுக் கணக்கின் பற்று, கால் நூற்றாண்டு கழித்து வேறொரு தலைமுறையின் தொட்டிலில் எழுதப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத வளைவு

எலும்பை அளக்கலாம். உள்ளத்தில் நேர்ந்த வளைவை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. பதினெட்டு வயதுக்குள் அடி உதை, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், தாய் அடிபடுவதைக் காணுதல் முதலியவற்றுள் எத்தனை உங்களுக்கு நேர்ந்தன என்று ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டனர். எண்ணிக்கை கூடக் கூட, நடுவயதில் இதய நோய் முதலிய பல நோய்கள் கூடியிருந்தன. இதே ஆய்வைச் சார்ந்து 2004இல் வந்த கட்டுரை, இத்தகைய துன்பங்கள் பல நேர்ந்த பெண்களிடையே இளவயதுக் கருத்தரிப்பும், கருவிலேயே குழந்தை இறப்பதும் மிகுதியாக இருந்தன என்று காட்டியது. பின்வந்த ஆய்வுகள், குறைமாதப் பேறு, கர்ப்பகாலச் சர்க்கரை நோய், கர்ப்பகால மனச்சோர்வு ஆகியவற்றோடும் குழந்தைப் பருவத் துன்பத்திற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சுட்டுகின்றன.

இது எவ்வாறு நிகழ்கிறது? இடைவிடாத அச்சத்தில் வளரும் குழந்தையின் உடல், எப்போதும் ஆபத்தை எதிர்நோக்கும் உடலாகப் பழகிவிடுகிறது. நெருக்கடி வேளையில் சுரக்க வேண்டிய நீர்கள் ஓயாது சுரந்து, பின்னாளில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நோய் எதிர்ப்பையும் தடம் மாற்றலாம் என்பது அறிஞர் கருத்து. அச்சத்தை மறக்க மேற்கொள்ளும் புகையும் குடியும், தூக்கமின்மையும், மருத்துவரை அணுகத் தயங்கும் கூச்சமும் அதனோடு சேர்கின்றன. கர்ப்பமோ உடலின் ஆற்றல் அனைத்தையும் சோதித்துப் பார்க்கும் காலம். மறைந்திருந்த பலவீனம் அப்போது வெளிப்படுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவை விதி அல்ல. வாய்ப்பின் அளவு மட்டுமே. துன்பத்தில் வளர்ந்தும் நலமாகப் பிள்ளை பெற்ற தாய்மார் எண்ணற்றோர். அன்பான துணைவர், நம்பத்தக்க ஒரு பெரியவர், தக்க மருத்துவக் கவனிப்பு ஆகியவை பழைய காயத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. எனவே, இந்த அறிவைப் பெண்ணின் மீது புதியதொரு பழியாக எவரும் சுமத்திவிடலாகாது. பெற்றோர் செயலுக்குப் பிள்ளைகளின் வாழ்வு கட்டுண்டு கிடக்கிறது என்ற பழமொழியை இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் மறுத்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். துன்பத்தின் தொடர் அறுக்கப்படக்கூடியது.

நம் வீட்டுத் தட்டு

கிளாஸ்கோவில் அந்தத் தொடர் அறுக்கப்பட்டது. பாலும் மீன் எண்ணெயும் நல்ல வீடுகளும் வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரிக்கெட்ஸ் அங்கே ஏறக்குறைய மறைந்தது. ஆயினும் 1960களில், அந்நகரில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது மீண்டும் தலைகாட்டியதை மருத்துவர்கள் கண்டனர். ஒருமுறை வென்ற போரை ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னர் நாடு முழுவதும் பள்ளி உணவு பரவியது. இந்தத் தேசியத் திட்டத்தின் பயனை 1993 முதல் 2016 வரையிலான புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021இல் வெளிவந்தது. பள்ளியில் உணவு பெற்ற சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்களின் குழந்தைகளது உயர வளர்ச்சி மேம்பட்டிருந்தது என்பதே அதன் முடிவு. ஒரு சிறுமியின் தட்டில் விழுந்த சோறு, அவளுடைய குழந்தையின் எலும்பிலும் சேர்ந்தது. பேர்ட் துன்பத்தில் கண்ட தொடரை, இவ்வாய்வு நன்மையில் கண்டது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது நம் வீடுகளில் நடக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். மகனுக்கு முட்டையும் மகளுக்குக் குழம்பும் வைக்கும் வீடுகள் நம் பங்குகளில் இல்லையா? ஆண்கள் உண்டபின், எஞ்சியதைச் சிறுமியும் தாயும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் தந்தையைக் கதவிடுக்கில் நின்று பார்க்கும் சிறுமியைப் பற்றி, 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று சொல்லி நாம் நடந்துவிடுவதில்லையா? கருவில் இருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்று நாம் உரக்கப் பேசுகிறோம்; பேசத்தான் வேண்டும். அந்த உயிரைச் சுமக்கப் போகும் பெண் இன்று ஐந்து வயதில் நம் தெருவில் நிற்கிறாள். அவளுக்குச் செய்வது அந்த உயிருக்கும் செய்வதாகும்.

ராட்டன்ரோ மருத்துவமனை 2001இல் மூடப்பட்டது. கட்டடத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, இன்று அந்த இடம் ஒரு தோட்டமாக இருக்கிறது. தோட்டத்தின் நடுவே, குழந்தையின் இடுப்புத் துணியைச் சேர்த்துக் குத்தும் ஊக்கு ஒன்றின் வடிவில், ஜார்ஜ் வில்லி என்னும் சிற்பி செய்த பெரிய சிற்பம் நிற்கிறது. ஒருகாலத்தில் வெயில் இறங்காதிருந்த அந்நகரத்தின் நடுவில், இப்போது அங்கே வெயில் படுகிறது.